கருப்பை வாய்ப் புற்றும் உயிரணுவின் முத்திரைகளும்

நம் நாட்டுப் பெண்மணிகளைத் தாக்கும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுக்கு அடுத்த இடம் கருப்பை வாய்ப் புற்றுக்கு உரியது. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர் என்றும், ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்றும் உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது. இத்துணை உயிர்களைக் கொள்ளை கொள்ளும் நோய், பெரும்பாலும் பத்து இருபது ஆண்டுகள் முன்னறிவிப்புக் கொடுத்தே வருகிறது. அவ்வறிவிப்பை எங்கே படிப்பது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

நோய்க்கு வித்திடுவது பாப்பிலோமா வைரஸ். ஜெர்மானிய அறிஞர் ஹாரால்ட் ட்ஸுர் ஹௌசன் 1983, 1984ஆம் ஆண்டுகளில் அதன் 16ஆம், 18ஆம் வகைகளை இப்புற்றிலே கண்டு காட்டினார். 2008இல் நோபெல் பரிசும் பெற்றார். ஆயினும் வைரஸ் புகுந்தவர் அனைவருக்கும் புற்று வருவதில்லை. பெரும்பாலோரிடம் ஓரிரண்டு ஆண்டுகளில் அது தானே மறைகிறது. தங்கிவிட்ட சிலரிடமோ இ6, இ7 என்னும் இரு புரதங்களைக் கொண்டு, உயிரணு வரம்பின்றிப் பெருகாமல் காக்கும் பி53, ஆர்பி ஆகிய காவலர்களை வீழ்த்துகிறது.

அத்துடன் நிற்பதில்லை. ஒரு நூலில் எழுத்தொன்றும் அழியாதிருக்க, சில பக்கங்கள் மட்டும் பசையால் ஒட்டிக்கொண்டன என்று வைத்துக்கொள்வோம். நூல் முழுமையாகத்தான் இருக்கிறது, படிக்கத்தான் இயலாது. டி.என்.ஏ.வில் சைட்டோசின் என்னும் எழுத்தின்மேல், ஒரு கரியணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மெத்தில் என்னும் சிறு தொகுதி முத்திரைபோல் அமர்கிறது. மரபணுவின் தொடக்கத்தில் இம்முத்திரைகள் நெருங்கி விழுந்தால் அது ஊமையாகிவிடும். உயிரணு இரண்டாகும்போது எழுத்தோடு முத்திரையும் படியெடுக்கப்படுகிறது. ஆகவே ஊமைத்தன்மை வழிவழி வருகிறது. இத்தகைய மாறுதல்களை எபிஜெனெடிக் மாறுதல்கள் என்பர்.

முத்திரையே தீயது என்று நாம் எண்ணிவிடலாகாது. ஒரே நூலை வைத்துக்கொண்டு தோலணு தோலாகவும் ஈரலணு ஈரலாகவும் இருப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. கேடு விளைவது, விழக்கூடாத இடத்தில் விழும்போது. முத்திரையிடும் என்சைம் ஒன்றோடு இ7 பிணைந்து அதன் வேலையை மிகுவிப்பது ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டுள்ளது. அணுவை அண்டை அணுவோடு பிணைக்கும் சி.ஏ.டி.எம்.1 என்னும் மரபணு இப்புற்றில் அடிக்கடி இவ்வாறு ஊமையாக்கப்படுகிறது. பிணைப்புத் தளர்ந்த அணு அலையத் தொடங்குவதில் வியப்பென்ன?

நோயைத் தலையெழுத்து என்று சொல்லி ஓய்வது நம்மவர் வழக்கம். இங்கே எழுத்து மாறாமலே கேடு நேர்கிறது. எழுத்தின் மேலிட்ட முத்திரையையோ மருந்தால் அகற்றவும் இயலும். அசாசைட்டிடின் என்னும் மருந்து சில இரத்த நோய்களில் இவ்வகையில் பயன்படுகிறது. கருப்பை வாய்ப் புற்றில் இத்தகைய மருந்துகள் இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளன. விளம்பரங்களை நம்பி ஏமாற வேண்டா.

இன்று கைக்கெட்டும் பயன் சோதனையில்தான். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில், இன்றைய தாராசிவில், 1999இல் தொடங்கி 1,31,000 பெண்களிடம் நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2009இல் வெளியாயிற்று. ஒரேயொரு முறை வைரஸ் சோதனை செய்த பிரிவில் இந்நோய்ச் சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் வைரஸ் இருப்பதாகக் கண்டவருள் பலருக்குச் சிகிச்சையே தேவைப்படாது. யாருக்குத் தேவை? அங்கேதான் முத்திரை உதவுகிறது. எப்.ஏ.எம்.19ஏ4 போன்ற மரபணுக்களில் மெத்தில் மிகுந்திருப்பின் புற்றை நோக்கிய மாறுதல் முற்றியதெனக் கொள்ளலாம். பெண்மணி தாமே எடுத்துத் தரும் மாதிரியிலும் இதனைப் பார்க்க முடியும். கூலி வேலையை விட்டு ஒருமுறை வந்தவரை மறுமுறையும் வரச் சொல்வது எளிதன்று என்பதைக் கிராமங்களை அறிந்தவர் அறிவர்.

இச்சோதனை நம் ஊர் மருத்துவமனைகளுக்கு வரும்வரை காத்திருத்தல் தகாது. 30 முதல் 65 வயதுவரை உள்ள பெண்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அசெட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் அரசாங்க வழிமுறை. அதற்குச் சில நிமிடங்களே பிடிக்கும்.