இருபத்தொன்றாம் நாள்



போன சித்திரையில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரம். எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் தம்பி ஒருவர் வந்து கதவைத் தட்டினார். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் குன்றத்தூர் வந்து இறங்கி, வீட்டில் தலையைக் காட்டிவிட்டு நேரே என்னிடம் வந்திருக்கிறார். கையில் ஒரு நாட்டுக்கோழி முட்டை. ஓட்டில் மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளேயிருந்து 'கீச், கீச்' என்று சத்தம்.

"அண்ணே, நேத்து சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போதே ஓட்டை போட்டுடுச்சு. இன்னும் வெளிய வரல. உடைச்சு விட்றவா?"

"முதல்ல அதைக் கொண்டுபோய்ப் பெட்டியில வை தம்பி. மத்ததை அப்புறம் பேசுவோம்" என்றேன்.

நான் அப்படி அவசரப்பட்டதற்குக் காரணம் உண்டு. முதன்முதலில் தெர்மாகோல் பெட்டியில் பல்பும் விசிறியும் மாட்டி நான் முட்டை வைத்தபோது, எனக்கும் இதே பதற்றம்தான். பொறுக்காமல் நகத்தால் ஓட்டைப் பிய்த்தேன். நூல் மாதிரி ரத்தம் கசிந்தது. வயிற்றில் பாதி மஞ்சள்கரு வெளியே தொங்கியது. அரை மணி நேரத்தில் அது அடங்கிவிட்டது.

உள்ளே என்ன நடக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. குஞ்சு 19, 20ஆம் நாள் வாக்கில் முதலில் கிழிப்பது ஓட்டை அல்ல. முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை இருக்கிறது. அதன் சவ்வைத்தான் கிழிக்கும். வாழ்க்கையில் முதல் மூச்சு அங்கேதான். அந்தக் காற்று போதாமல் போகும்போதுதான், அலகு நுனியில் இருக்கிற கூர்மையான மருவால் ஓட்டைத் தட்டி ஓட்டை போடுகிறது. போட்ட பிறகு பல மணி நேரம் சும்மா கிடக்கும். பார்க்கிற நமக்கு அது சும்மா கிடப்பது போலத் தெரியும். அந்த நேரத்தில்தான் ஓட்டுக்கு அடியில் பரவியிருக்கும் ரத்த நாளங்கள் வற்றி, அவற்றிலிருந்த ரத்தம் குஞ்சின் உடம்புக்குள் போகிறது. மிச்ச மஞ்சள்கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் ஏறுகிறது. முதல் ஓட்டைக்கும் குஞ்சு வெளியே விழுவதற்கும் இடையே 12லிருந்து 24 மணி நேரம் ஆவது சாதாரணம். நான் பிய்த்தது அந்த வேலையின் நட்டநடுவில்.

அந்தச் சத்தத்துக்கும் வேலை இருக்கிறது. 1960களில் மார்கரெட் வின்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் காடை முட்டைகளை வைத்து ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒட்டி வைத்த முட்டைகளுக்குள் இருக்கும் குஞ்சுகள் ஒன்றின் ஒலியை ஒன்று கேட்டு, பின்தங்கியது வேகம் பிடித்து, ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிக்கின்றன. நம் வீட்டு அடைக்கோழியும் கடைசி நாட்களில் 'க்ளக் க்ளக்' என்று அடித்தொண்டையில் பேசிக்கொண்டே இருக்குமே, கேட்டிருப்பீர்கள். பெட்டியில் அந்தக் குரல் மட்டும் இல்லை.

தம்பியின் கதைக்கு வருகிறேன். திருவண்ணாமலைப் பக்கம் அவருடைய ஊர். அம்மா சேர்த்துவைத்த 12 முட்டைகளைப் பையில் போட்டு, பகல் வெயிலில் பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறார். அதிலும் சில, சமையல்கட்டில் பத்து நாள் இருந்தவை. தொந்தரவு அங்கேயே தொடங்கிவிட்டது. சூடு 25 டிகிரியைத் தாண்டினாலே கரு அரைகுறையாக விழித்துக்கொள்ளும். வளரவும் வளராது, தூங்கவும் தூங்காது. சித்திரையில் நம் வீட்டுக்குள்ளேயே 33, 34 டிகிரி. அடை வைக்கிற முட்டையை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அந்த ஒரு வாரமும், ஈர மணல் மேல் வைத்த மண்பானையில் இருந்தால் நல்லது.

அடுத்தது ஈரப்பதம். இதில் நம்மூர்க்காரர்கள் ஏமாறுகிற மாதிரி வேறு எதிலும் ஏமாறுவதில்லை. முதல் 18 நாள் 50 சதவீதம், கடைசி மூன்று நாள் 65, 70 என்று எல்லோரும் சொல்வது சரிதான். அதற்காகக் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் வைக்கிறார்கள். ஐப்பசி மழையில், செம்பரம்பாக்கம் ஏரிக்காற்று அடிக்கிற ஊரில், வெளிக்காற்று 30 டிகிரியில் 75 சதவீத ஈரத்தோடு இருக்கிறது என்று வையுங்கள். அதே காற்றைப் பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் தானாகவே 50 அளவுக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் தண்ணீர் எதற்கு? நீர் வற்றாத முட்டையில் காற்றறை சின்னதாகவே நின்றுவிடும். குஞ்சு ஊதிப்போய், திரும்ப இடமில்லாமல், ஓட்டுக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். வறண்ட மே மாதத்தில் நிலைமை தலைகீழ். சவ்வு காய்ந்து, குஞ்சின் மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றியது போல இறுகிக்கொள்ளும்.

வெப்பமானி சரியா என்று சந்தேகமா? வீட்டில் காய்ச்சல் பார்க்கிற வெப்பமானி ஒன்று இருக்கும்தானே. இரண்டையும் ஒரே வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். முட்டைக்கு வேண்டிய 37.5 அதன் அளவுக்குள்ளேயே வருகிறது. கரண்ட் போனால் கலங்க வேண்டாம். தாய்க்கோழியும் தினமும் தீனிக்கு எழுந்து போகிற பிறவிதான். காற்றுத் துளையை மட்டும் விட்டுவிட்டுப் பெட்டியைப் போர்வையால் மூடினால் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும்.

அப்படியானால் எப்போதுமே கை வைக்கக் கூடாதா? வைக்கலாம். ஓட்டை விழுந்து 24 மணி நேரம் தாண்டியும் அது அப்படியே இருந்து, சவ்வு காய்ந்து பழுப்பேறியிருந்தால் வைக்கலாம். கூர் முனையில் ஓட்டை போட்ட குஞ்சையும் கவனிக்க வேண்டும். அது தலைகீழாகக் கிடக்கிறது, காற்றறை அதற்கு எட்டாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை மெல்ல ஒற்றுங்கள். மூக்குத் துளையில் மட்டும் நீர் படவே கூடாது. ஈரமானதும் சவ்வு கண்ணாடி போல ஆகும். டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, முட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். தெரியவில்லை என்றால், குஞ்சு ஓட்டை போட்ட இடத்திலிருந்து ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, தலையை மட்டும் விடுவியுங்கள். உடம்பை அது தானே உதைத்துக்கொண்டு வரட்டும். இவ்வளவும் செய்து பிழைக்காத குஞ்சும் உண்டு. பிழைத்ததை அடுத்த தலைமுறைக்குப் பெட்டையாகவோ சேவலாகவோ நான் வைத்துக்கொள்வதில்லை.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு எனக்குப் போன் வந்தது. எதிர்முனையில் பேச்சே இல்லை. போனைப் பெட்டியின் பக்கத்தில் பிடித்திருந்தார் போலிருக்கிறது. காதெல்லாம் கீச்சுச் சத்தம்.

12ல் 7 பொரித்தன. மூன்று கூமுட்டை, இரண்டு உள்ளேயே போய்விட்டன. பெட்டியை உடனே திறக்காதே, ரோமம் காயட்டும் என்றேன். வயிற்றுக்குள் போன மஞ்சள்கரு இரண்டு நாள் சாப்பாடு. ஒரு நாள் குஞ்சுகள் பெட்டியில் ஊர்விட்டு ஊர் போவது அந்தத் தைரியத்தில்தான். ஒரு குஞ்சுக்குக் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து வழுக்கின. தம்பி கீழே செய்தித்தாள் விரித்திருந்தார்! அதை எடுத்துவிட்டுச் சாக்கு போட்டோம். பேண்ட் எய்டை நீளவாக்கில் கிழித்து, இயல்பாக நிற்கிற இடைவெளிக்கு இரண்டு காலையும் இணைத்தோம். மூன்றாம் நாள் அவிழ்த்தபோது மற்றவற்றோடு ஓடியது. ஏழாம் நாள் ராணிக்கெட் சொட்டு மருந்து.

இதையெல்லாம் முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்குக் காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பூந்தமல்லி ரோட்டுக் காட்டுப்பாக்கம் என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள். இது பொத்தேரிப் பக்கம்.

விஷயம் தெரிந்ததும் தம்பியின் அம்மா போனில் சிரித்தாராம். "பொட்டியில என்னடா பொரிக்கிற? ஒரு அடைக்கோழியைப் பிடிச்சு வையி." ஆவணியில் ஊரிலிருந்து ஒரு கோழி வந்து சேர்ந்தது. மொட்டைமாடிக் கூடையில் அது அடையில் உட்கார்ந்தது. அந்த முறை பெட்டியில் புதிதாகப் பொரித்த குஞ்சுகளை நைட் ஷிப்ட் இல்லாத ஒரு ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக அதன் இறக்கைக்கு அடியில் தள்ளிவிட்டோம். காலையில் போய்ப் பார்த்தால், கோழி எங்களைக் கொத்த வந்தது.