இஞ்சினை இறக்காமல் சாயம் பூசலாமா?

நான் மெக்கானிக் இல்லை. பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்து, கேமரா முன்னால் பேசிப் பிழைப்பவன். இந்தத் தலைப்பை என்னிடம் கொடுத்ததற்குக் காரணம், இந்த வேலையை ஒரு முறை தப்பாகச் செய்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான்.

என் தாத்தா பினாங்குத் துறைமுகத்தில் கிராணியாக இருந்தவர். அவர் விட்டுச் சென்றது, ஜெலுத்தோங் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான கார் அது. அதே மனிதர்தான் பிறகு 1959இல் 'மினி' காரையும் உருவாக்கினார். எங்களுடையது 1956இல் வந்த 'மைனர் 1000' ரகம், 948 சி.சி. இஞ்சின். கடற்காற்று பட்டுப் பட்டு இஞ்சினெல்லாம் துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்தது.

பட்டறையில் கேட்டேன். செயின் புளோக் போட்டு இஞ்சினை இறக்க வேண்டும் என்றார்கள். கூலியைக் கேட்டதும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். இரும்புக்கடையில் ஒரு டின் பச்சைச் சாயம், ஒரு பிரஷ். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்து, படமெடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். இரண்டே வாரத்தில் சாயம் பாம்புச் சட்டை போல உரிந்தது. பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, நீங்கள் இஞ்சினுக்குப் பூசவில்லை, எண்ணெய்க்குப் பூசியிருக்கிறீர்கள்" என்றார்.

அவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். இறக்காமலே பூசலாம். ஆனால் வேலையில் முக்கால் பங்கு கழுவுவதுதான். இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். மைனரில் பேட்டரி இஞ்சினுக்குப் பின்னால் ஒரு தட்டில் உட்கார்ந்திருப்பதால், அதை எடுத்தாலே கைக்கு இடம் கிடைக்கும். பிறகு காற்று வடிகட்டி, கார்புரேட்டர், டைனமோ எல்லாம் வெளியே. திறந்திருக்கும் ஒவ்வொரு துளையையும் பிளாஸ்டிக் வைத்து டேப்பால் இறுக்குங்கள். மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் பிசுக்குப் போகும். ஆனால் மண்ணெண்ணெயே ஒரு மெல்லிய படலத்தை விட்டுவிடும். அதனால் சோப்புத் தண்ணீர், கம்பி பிரஷ், கடைசியாகத் தின்னரில் நனைத்த துணி. அந்த நேரத்தில் பக்கத்தில் சிகரெட் கூடாது. கதவு சன்னல் திறந்திருக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டாதீர்கள். அந்தக் காலத்துப் பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்.

பிசுக்குப் போன பிறகுதான் கசிவு எங்கே என்று தெரியும். இந்த இஞ்சினில் கார்புரேட்டர் பக்கம், மேனிஃபோல்டுக்குக் கீழே இரண்டு சிறு மூடிகள் ஒளிந்திருக்கின்றன. எங்கள் எண்ணெய் அங்கிருந்துதான் வழிந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்யாமல் சாயம் பூசுவது வீண். விற்பதற்காக அப்படிப் பூசி மறைப்பவர்களும் இருக்கிறார்கள். பளபளக்கும் பழைய இஞ்சினைப் பார்த்ததும் ஏமாந்துவிடாதீர்கள், விரலைக் கீழே விட்டுத் தடவிப் பாருங்கள்.

கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். என் பச்சைக்குக் கீழே பழைய பச்சை, அதற்கும் கீழே தங்க நிறம். அண்ணனைக் கூப்பிட்டேன். தொழிற்சாலையிலேயே புதுப்பித்து மாற்றாகக் கொடுத்த இஞ்சின்களுக்குத் தங்க நிறம் பூசி, 'கோல்டு சீல்' என்று விற்றார்களாம். அப்படியென்றால் இது காரோடு பிறந்த இஞ்சின் இல்லை.

பாட்டியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒரு வருஷம் உன் தாத்தா பல மாதம் சைக்கிளில் வேலைக்குப் போனார். அந்தத் தீபாவளிக்கு எனக்குப் புடவையும் எடுக்கவில்லை. ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது" என்றார். வீட்டுக்குத் தெரியாமல் பச்சை பூசி மறைத்தது தாத்தாவாகத்தான் இருக்க வேண்டும்.

பழைய கார் பிரியர்கள் பச்சைதான் அசல் என்பார்கள். நான் தங்க நிறமே பூசினேன். வெப்பம் தாங்கும் இஞ்சின் எனாமல், மெல்லியதாக இரண்டு பூச்சு, ஸ்பிரே இல்லாமல் பிரஷ்ஷில். மழை வரும் மாலையில் பூசினால் ஈரக் காற்றில் வெளிறிப்போகும், அதனால் வெயில் ஏறிய காலையில். மேனிஃபோல்டில் இந்தச் சாயம் கருகிவிடும், அதற்குத் தனிச் சாயம் உண்டு. எர்த் கம்பி சேரும் இடத்தில் சாயம் படக்கூடாது. முக்கியமாக, டைனமோவுக்கு மேலே இருக்கும் இஞ்சின் எண்ணை டேப்பால் மூடிவிடுங்கள். பெயர் மாற்றும் பரிசோதனையில் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

இறக்காமல் பூசுவதில் ஒரு குறை, இஞ்சினின் பின்பக்கத்துக்குக் கை எட்டாது. கிளட்ச் வேலை வரப்போகிறது என்றால் அதுவரை பொறுத்திருங்கள், இஞ்சின் வெளியே வரும்போது ஒழுங்காகப் பூசிக்கொள்ளலாம். அந்தப் பின்பக்கத்தில் ரப்பர் சீலும் கிடையாது, எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும் சுருள் பள்ளம் மட்டும்தான். அதனால் இன்றும் ஒன்றிரண்டு சொட்டு விழத்தான் செய்கிறது. அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்திருக்கிறேன். பாட்டி தினமும் காலையில் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு இரண்டுதான்" என்பார்.