ஒரு நாளில் கல்சுபாய்

மகாராட்டிர மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம் சகயாத்திரி மலைத்தொடரிலுள்ள கல்சுபாய். அதன் உயரம் 1,646 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயர்ந்ததாயினும், அதன் உச்சியருகே வரை ஊர்தி செல்லும். கல்சுபாயின் உச்சியை அடையக் கால்களே துணை.

மாதுங்கா, தாராவி அன்பர்கள் தாதரிலும், செம்பூர் அன்பர்கள் குர்லாவிலும் விடியற்காலைக் கசாரா ரயிலில் ஏறலாம். கசாராவிலிருந்து வாடகை ஜீப்பில் பாரி என்னும் அடிவாரச் சிற்றூரை அடைய வேண்டும். மலையேற ஏறத்தாழ மூன்று மணி நேரமாகும். செங்குத்தான பாறைகளில் இரும்பு ஏணிகள் உண்டு. உச்சியில் கல்சுபாய் அம்மனின் சிறு கோயில். கீழே பண்டார்தரா நீர்த்தேக்கம்.

புறப்படுமுன்பே திரும்பும் நேரத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பிற்பகல் ஒரு மணிக்குள் உச்சி எட்டாவிடின், எங்கிருந்தாலும் இறங்கத் தொடங்குதல் வேண்டும். களைத்த கால்களுடன் இருளில் ஏணி இறங்குவது ஆபத்து. மழைக்காலத்தில் படிகளும் வழுக்கும். மிக மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள்; அவர் நடையே அனைவரின் நடையாகட்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் நீரும், கட்டுச்சோறாகப் புளியோதரையும் போதும். திரும்பும் ஜீப்பையும் காலையிலேயே பேசிவையுங்கள்.

சிகரம் அடுத்த ஞாயிறும் அங்கேயே இருக்கும். வீட்டில் காத்திருப்போரிடம் நீங்கள் அன்றிரவே நலமாகச் சேர வேண்டும்.