வெர்சம் கிராமத்தில் ஒரு திருத்தம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். மணி அடிப்பதற்குள் முடித்துவிடுகிறேன். வகுப்பில் ஒருநாளும் முடித்ததில்லை.

2023 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். "எங்கப்பா போகணும்?" என்றாள். ரைன் பள்ளத்தாக்கைக் காட்டு என்றேன். முப்பது வருஷம் கரும்பலகையில் வரைந்த இடம், கண்ணால் பார்த்ததில்லை.

1903-ல் போட்ட ரயில் பாதை ஆற்றை ஒட்டியே போகிறது. பக்கத்தில் 300 மீட்டருக்கு மேல் வெள்ளைச் சுவர். வெர்சம் நிலையத்தில் இறங்கினால் ஊரைக் காணோம்! அது மேலே மலையில் இருக்கிறது. தபால் பஸ் ஏறுகிற பாதையில் நான் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை.

அந்தச் சுவர் முழுப்பாறை அல்ல. பிளிம்ஸ் ஊருக்கு மேலிருந்து சுமார் 10 கன கிலோமீட்டர் சுண்ணாம்புப் பாறை சரிந்து ஆற்றை அடைத்தது. பின்னால் ஏரி தேங்கியது. வாய்க்காலில் மண்ணைப் போட்டு அடைத்தால் தண்ணீர் என்ன செய்யும்? வழிந்து அறுத்துக்கொண்டு போகும். அப்படி அறுத்ததுதான் பள்ளத்தாக்கு. சரிவில் கை வைத்தேன், மாவாய் உதிர்ந்தது.

இதுவரை என் பாடம் சரி. ஊரில் ஒரு தகவல் பலகை. மகள் ஜெர்மன் மொழியிலிருந்து படித்துச் சொன்னாள். சரிவு நடந்து சுமார் 9,400 வருஷம்தான் ஆகிறதாம். நான் நடத்தியது பனியுகக் கடைசி என்று. குவியல் மேல் பனியாறு விட்டுப்போனது போன்ற கற்கள் கிடந்ததால் அந்தக் காலத்தில் அப்படி நினைத்தார்கள். 1990-களில் உள்ளே புதைந்திருந்த மரத்துண்டுகளைக் கார்பன் முறையில் கணித்து மாற்றிவிட்டார்கள். நான் 2004-ல் ஓய்வு பெறும்வரை அதே பழுத்த நோட்ஸ்தான்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். 1988-ல் ஒரு பெண் எழுந்து, "சார், அப்போ அங்க மனுஷங்க இருந்தாங்களா?" என்று கேட்டாள். "பனிக்குள்ள யாரும்மா இருப்பா?" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப்பின் வருஷம் முழுக்க அவள் வாய் திறக்கவில்லை.

அது பனிக்காலமே இல்லை, காடு வளர்ந்த காலம். வேட்டையாடிகள் ஆல்ப்ஸ் மலைகளில் திரிந்த காலம்.

அம்மா, நீ இந்த மண்டபத்தில் இருந்தால் சாப்பாட்டுக்கு முன் என்னைப் பார். கேட்டது சரியான கேள்வி. வரவில்லை என்றால், அவள் விலாசம் தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.