சிகாகோ: கல்லெறியும் கவுன்சிலும்

(மாணவர் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



1946 ஜூலையில் அம்பேத்கர், கருப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐ.நா. சபைக்கு அமெரிக்கக் கருப்பர்கள் கொடுத்த மனுவின் நகல் வேணும்னு கேட்ட கடிதம். தீண்டப்படாத மக்களும் அங்கே போய் நிற்கலாமா என்ற யோசனை அவருக்கு. அதே வருசக் கடைசியில் சிகாகோவில், போரிலிருந்து திரும்பிய கருப்பு சிப்பாய்களுக்கு விமான நிலையத்துப் பக்கம் அரசு வீடு ஒதுக்கினாங்க. வெள்ளைக் கும்பல் கல்லெறிந்து விரட்டியது. நாட்டுக்காகச் சண்டை போட்டவனுக்கு ஒரு தற்காலிக வீடுகூடக் கிடையாது.

1953 ஜூலையில் ட்ரம்புல் பார்க் குடியிருப்புக்கு பெட்டி ஹோவர்டின் குடும்பம் போனது. அதுவரை அங்கே வெள்ளையர் மட்டும்தான். அந்த அம்மா நல்ல வெளுப்பு. வாரிய ஆபீசில் வெள்ளைக்காரின்னு நினைச்சு வீட்டைக் கொடுத்துட்டாங்க. நிறத்தைப் பார்த்து ஒதுக்குறவனுக்கு நிறமே கண்ணுக்குத் தெரியலை, பாருங்க! ஒரே வாரத்தில் கும்பல் கூடியது. கல், செங்கல், ராத்திரியெல்லாம் வெடி. கடைக்குப் போகணும்னாலும் போலீஸ் வண்டி. அடுத்த வருசம் அந்தக் குடும்பம் வெளியேறியது. ஆனால் பின்னால் வந்த கருப்புக் குடும்பங்கள் தாக்குப்பிடித்தன. அவர்களில் ஒருவரான ஃபிராங்க் லண்டன் பிரௌன் அந்த வாழ்க்கையை 1959இல் நாவலாக வெளியிட்டார்.

கல்லெறி நமக்குப் புதுசு இல்லை. நான் சொல்ல வந்தது வேற. வீட்டு வசதி வாரியம் எந்த இடத்தில் கட்டினாலும் நகரசபை ஒப்புதல் வேணும்னு 1940களின் கடைசியில் சட்டம் வந்தது. சபையில் ஒரு வழக்கம்: எந்த வார்டில் இடமோ, அந்த வார்டு கவுன்சிலர் வேண்டாம்னா மற்றவர்களும் வேண்டாம். கொஞ்ச நாளில் வாரியமே முன்கூட்டி அந்தக் கவுன்சிலரைத் தனியா கேட்டுக்கொள்ள ஆரம்பித்தது. அவர் தலையாட்டாத இடம் சபைக்கே போகாது. கலவரம் இல்லை, கைது இல்லை, பத்திரிகைச் செய்தியும் இல்லை. வெள்ளையர் பகுதியில் வாரிய நிபுணர்கள் தேர்வு செய்த இடங்களில் கட்ட இருந்த வீடுகளில் 99.5 சதவீதம் இப்படியே கழிக்கப்பட்டன. இதை 1969இல் நீதிபதி ஆஸ்டின் தீர்ப்பில் எழுதினார். வழக்குப் போட்ட டோரதி கோட்ரோ 1968இலேயே இறந்துவிட்டார். தீர்ப்பைப் பார்க்கவில்லை.

இதுக்கு ஒரு ஆள் எதிர்த்து நின்றார். ராபர்ட் டெய்லர், வாரியத்தின் முதல் கருப்பினத் தலைவர். நகரம் முழுக்கக் கலந்து கட்டணும்னார். சபை மறுத்தது. 1950இல் பதவியை விட்டு வெளியேறினார். அவர் இறந்த பிறகு, கருப்பர் பகுதியிலேயே ஒரே வரிசையில் 28 கட்டடம், ஒவ்வொன்றும் 16 மாடி, 4,300க்கும் மேல் வீடுகள் எழுப்பினாங்க. 1962இல் முடித்த அந்த வரிசைக்கு வைத்த பெயர்: ராபர்ட் டெய்லர் குடியிருப்பு.

வரும்போது ஒரு தோழர் கேட்டார்: குடிசையில கிடந்தவனுக்கு மாடிவீடு கிடைச்சதே, அது முன்னேற்றம்தானே? உண்மைதான், குடியேறின முதல் நாட்களில் ஜனங்கள் சந்தோசமாத்தான் போனாங்க. குழாயில் தண்ணீர், வீட்டுக்குள்ளேயே கக்கூஸ், குளிருக்குச் சூடு. அதை நான் கேலி பண்ண மாட்டேன். ஆனா எங்கே வீடு என்பதை அவங்க யாரும் முடிவு பண்ணலை. வெள்ளையர் பகுதியிலும் கட்டுன்னு கோர்ட் சொன்னதும் வாரியம் என்ன செய்தது தெரியுமா? பல வருசம் ரொம்பக் கொஞ்சம்தான் கட்டியது. கருப்பனோடு பக்கத்துவீடு ஆவதைவிட, ஏழைக்கு வீடே வேண்டாம்! ஏழை வெள்ளைக்காரனுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கதவைச் சாத்தினாங்க. அந்த 16 மாடிகளில் கடைசியா நின்றதை 2007இல் இடித்தார்கள்.

மீதியை விவாதத்தில் பேசுவோம்.