செலக்‌ஷன் மேசையும் மாகாண அணியும்
(ஆம்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அந்தப் பெரியவர், தோல் தரம் பிரிக்கும் வேலையில் வாழ்க்கையைத் தொடங்கியவர். மாலையில் ஹாக்கி மட்டையோடு திடலுக்குப் போய்விடுவார். அவருடைய இரண்டு உலகங்களையும் சேர்த்துப் பேசவே இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

தொழிற்சாலையில் 'செலக்‌ஷன்' என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புக் குழியில் கிடந்து, பட்டைச் சாற்றில் ஊறிக் காய்ந்த தோல் மேசைக்கு வரும். கை தடவிப் பார்க்கும். கண் வெளிச்சத்தில் தேடும். முதல் தரம், இரண்டாம் தரம் என்று அடுக்கு பிரியும். எவ்வளவு நல்ல தோலானாலும் கட்டுக்குள்ளேயே கிடந்தால் அதற்குத் தரம் விழாது.

இந்திய ஹாக்கிக்கு அப்படியொரு மேசை 1928இல் கல்கத்தாவில் போடப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் குவாலியரில் பிறந்திருந்த இந்திய ஹாக்கி சம்மேளனம், ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு ஆள் எடுப்பதற்காக மாகாணங்களுக்கிடையே போட்டி வைத்தது. ஐக்கிய மாகாணம், பஞ்சாப், வங்காளம், ராஜபுதனம், மத்திய மாகாணம் என ஐந்து அணிகள் வந்தன. இறுதி ஆட்டத்தில் ஐக்கிய மாகாணம் ராஜபுதனத்தை 3–1 என வென்றது. வென்ற அணியில் ஆடிய படைவீரர் தியான் சந்த்.

அங்கே திரட்டிய அணி கப்பலேறுமுன் பம்பாய் அணியிடம் 3–2 எனத் தோற்றது. வழியனுப்பத் துறைமுகத்துக்கு வந்தவர்கள் மூன்றே பேர். அதே அணிதான் ஆம்ஸ்டர்டாமில் ஐந்து ஆட்டங்களில் 29 கோல் போட்டு, ஒரு கோல்கூட வாங்காமல் தங்கம் வென்றது. அதில் 14 கோல் தியான் சந்துடையவை.

அந்த ஐந்து மாகாணங்களின் பட்டியலில் சென்னை மாகாணம் இல்லை. இங்கே திறமைக்குப் பஞ்சமா? 1901இலிருந்தே சென்னையில் எம்.சி.சி. (மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்) ஹாக்கிப் போட்டி நடந்துவந்திருக்கிறது. ஆட்டம் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். கட்டு மட்டும் மேசைக்குப் போய்ச் சேரவில்லை.

இதே காலத்தில் அயர்லாந்திலும் ஒரு மேசை போட்டார்கள். ஹர்லிங் என்பது அவர்களுடைய பழைய மட்டை விளையாட்டு. மட்டை ஆஷ் மரத்தில் செய்தது. பந்து தக்கைக் கருவின்மேல் தோல் தைத்தது. அந்நாளில் ஹாக்கிப் பந்துக்கும் தோலுறைதான். அங்கே நான்கு மாகாணங்கள் மோதும் ரயில்வே கோப்பை 1927இல் தொடங்கியது. முதல் கோப்பை லெய்ன்ஸ்டருக்கு. 1954 இறுதிநாளில் டப்ளினின் குரோக் பார்க்கில் ஏறக்குறைய 49,000 பேர் திரண்டார்கள். பிற்காலத்தில் அந்தக் கூட்டம் சில நூறாகத் தேய்ந்தது.

ஏன் தேய்ந்தது? காரணம் பல. ஐரிஷ்காரனின் பாசம் மாகாணத்தின் மேல் இல்லை, தன் கவுண்டியின் மேல்; நமக்கு மாவட்டம்போல. தொலைக்காட்சியும் வந்துவிட்டது. ஆனால் என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஹர்லிங்குக்கு ஒலிம்பிக் கிடையாது. ரயில்வே கோப்பையில் தேறியவன் அடுத்து ஏற ஒரு கப்பல் காத்திருக்கவில்லை. தரம் பிரித்த சரக்குக்குக் கிராக்கி இல்லாவிட்டால் மேசையைச் சுற்றி யார் நிற்பார்கள்?

நம் மேசை அப்படிக் காலியாகவில்லை. மாகாணப் போட்டி தேசியப் போட்டியானது. 1951இல் அதற்கு ரங்கசாமி கோப்பை வந்தது. 'தி இந்து' நாளிதழ் தன் மறைந்த ஆசிரியரின் நினைவாகக் கொடுத்த கோப்பை அது. அதுவும் ஒரு நினைவு அறக்கட்டளைதானே!

1950இல் ஆரணியில் ஒரு பிள்ளை பிறந்தார். அன்றைய வட ஆர்க்காடு மாவட்டம், இதே மண். வாசுதேவன் பாஸ்கரன். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4–3 என வீழ்த்திய இந்திய அணிக்கு அவரே தலைவர். கல்கத்தா மேசையில் நமக்கு இடமில்லாத அந்த ஆண்டிலிருந்து இதற்கு 52 ஆண்டுகள் ஆயின.

இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்கு மாவட்டங்களாக இருக்கிறோம். பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் பள்ளி முடிந்து மட்டை பிடிக்க ஆசைப்படும் பிள்ளை, மாவட்டத் தேர்வுக்குப் போக முதலில் பஸ் ஏற வேண்டும். அந்தச் செலவையும் ஒரு நாள் கூலியையும் எண்ணிப் பார்த்துத்தான் வீட்டில் 'போ' என்பார்கள், அல்லது 'வேண்டாம்' என்பார்கள்.

ஆகவே அறங்காவலர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு இந்த மேடையில் சால்வையும் நினைவுப் பரிசும் வேண்டாம். அந்தத் தொகையோடு வட்டியில் மிஞ்சுவதையும் சேர்த்து, தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பஸ் கட்டணமாகக் கொடுங்கள். எனக்குப் போர்த்திய சால்வையின் விலையை இப்போதே செயலாளரிடம் கொடுத்துவிட்டு இறங்குகிறேன்.