ஒப்படைப்புடன் முடிவதில்லை பொறுப்பு

(குழந்தைப் பாதுகாப்பு அலுவலர்களும் சமூகப்பணி மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)

பெற்றோரைப் பிரிந்து வந்த குழந்தையை உறவினரிடம் ஒப்படைத்து, கையொப்பம் பெற்றுக் கோப்பை மூடும்போது நமக்கு ஒரு மனநிறைவு உண்டாகிறது. அந்த நிறைவு எவ்வளவு நியாயமானது என்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு இன்று ஆராய விரும்புகிறேன்.

குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் ஆகிய நாடுகளில் நிலவும் வறுமையும் வன்முறையும் பல்லாயிரம் சிறுவர் சிறுமியரைத் துணையின்றி அமெரிக்க எல்லைக்குத் துரத்தியுள்ளன. 2022ஆம் நிதியாண்டில் மட்டும் அரசின் பராமரிப்புக்கு அனுப்பப்பட்ட இத்தகைய குழந்தைகள் 1,28,000க்கும் அதிகம்.

சட்டம் வகுத்த வழி

2002ஆம் ஆண்டுச் சட்டம் இக்குழந்தைகளின் பராமரிப்பைக் குடியேற்றத் துறையிடமிருந்து எடுத்து, சுகாதார, மனிதநலத் துறையைச் சார்ந்த அகதிகள் மறுவாழ்வு அலுவலகத்திடம் தந்தது. எல்லையில் பிடிபட்ட குழந்தையை 72 மணி நேரத்துக்குள் அவ்வலுவலகத்திடம் சேர்க்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அங்கிருந்து குழந்தை ஒரு 'ஸ்பான்சரிடம்' செல்கிறது. நம் நாட்டில் 'ஸ்பான்சர்ஷிப்' என்றால் குழந்தையின் குடும்பத்துக்கு அளிக்கும் நிதியுதவி என்று பொருள். அங்கே அச்சொல், குழந்தையைத் தம் இல்லத்தில் ஏற்கும் பொறுப்பாளரைக் குறிக்கும். பெரும்பாலும் அவர் பெற்றோராகவோ நெருங்கிய உறவினராகவோ இருப்பார். சில வேளைகளில் அயலாராகவும் இருப்பதுண்டு.

மாரியன் தந்த பாடம்

2014ஆம் ஆண்டு இறுதியில், ஒஹையோ மாநிலத்தின் மாரியன் நகருக்கு அருகே முட்டைப் பண்ணைகளில் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டிருந்த குவாத்தமாலா நாட்டுச் சிறுவர்கள் மீட்கப்பட்டனர். நாள்தோறும் சுமார் 12 மணி நேர வேலை. தங்குவதற்குச் சிதைந்த கூண்டு வண்டி வீடுகள். பயணக் கடனுக்கு ஈடாக ஊரிலிருந்த பெற்றோரின் நிலப் பத்திரங்கள் கடத்தல்காரர் கையில் இருந்தன. இச்சிறுவர்களுள் சிலரை அரசே முறைப்படி பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்திருந்தது என்பதுதான் வேதனை.

2016 சனவரியில் செனட் துணைக்குழு வெளியிட்ட அறிக்கை மற்றொரு செய்தியையும் வெளிப்படுத்தியது. ஒரு சிறுவனைக் காணச் சமூகப் பணியாளர் சென்றபோது பொறுப்பாளர் இடந்தரவில்லை. உதவியை மறுக்க அவருக்கு உரிமை உண்டு என்பது அன்றைய கொள்கை. எனவே கோப்பு மூடப்பட்டது. மறுப்பே ஓர் எச்சரிக்கை என்று எவரும் கருதவில்லை.

பணியாளர் செய்வது என்ன?

ஒப்படைப்புக்குப் பின் பணியாளரின் கடமைகள் பல. பள்ளியில் சேர்ப்பது முதற்பணி. குடியேற்ற நிலையைக் காரணங்காட்டிப் பொதுப்பள்ளியில் இடம் மறுக்கலாகாது என்பது 1982ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பு. மருத்துவம், வழக்கறிஞர், நீதிமன்ற விசாரணை நாள் ஆகியவை அடுத்துவரும். மொழியும் ஒரு தடையே. குவாத்தமாலாவின் மலைப்பகுதிக் குழந்தைகள் பலருக்கு ஸ்பானிஷ் தாய்மொழியன்று. மாம், கிச்சே முதலிய மாயா மொழிகளே அவர்கள் பேசுவன. தக்க மொழிபெயர்ப்பாளர் இல்லாத விசாரணை வெறும் சடங்காகவே முடியும்.

இவற்றினும் நுட்பமானது குடும்பத்துக்குள் எழும் சிக்கல். மூன்று வயதில் விட்டுவந்த மகனைத் தாய் பதினான்கு வயதில் மீண்டும் காண்கிறாள். இருவரும் ஒருவருக்கொருவர் புதியவர்கள். அவர்களுக்கிடையே பொறுமையாக நின்று உறவை வளர்ப்பதும் பணியாளரின் கடமையே. குழந்தையிடம் தனியே பேச வேண்டும். எங்கே உறங்குகிறான், காலையில் எங்கே செல்கிறான், யாருக்கேனும் கடன் தர வேண்டியுள்ளதா என்னும் எளிய வினாக்கள் பல உண்மைகளை வெளிக்கொணரும்.

ஒப்படைத்து 30 நாள் கழிந்தபின் தொலைபேசியில் நலம் விசாரிக்கும் ஏற்பாடு அங்கு செய்யப்பட்டது. ஆயினும் 2021ஆம் ஆண்டில் ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளின் கோப்புகளை அத்துறையின் தணிக்கையாளர்கள் ஆராய்ந்தபோது, ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் அவ்விசாரணை உரிய காலத்தில் நடைபெறவில்லை என்று கண்டனர். 2024இல் வெளியான விதிகள் பிற்காலக் கண்காணிப்பை விரிவாக வகுத்தன. 2025இல் பொறுப்பாளர்களுக்கான அடையாளச் சான்று, வருமானச் சான்று, மரபணுச் சோதனை நிபந்தனைகள் கடுமையாக்கப்பட்டன. அதனால் குழந்தைகள் காப்பகங்களில் தங்கும் காலமும் நீண்டது. வாயிலில் காட்டும் கண்டிப்பு, பின்னர் வீட்டுக்குச் சென்று காணும் அக்கறைக்கு ஈடாகாது என்பதே என் கருத்து.

நமக்குரிய பொறுப்பு

ஜெய்ப்பூரின் வளையல் பட்டறைகளிலிருந்து மீட்கப்பட்டுப் பீகாருக்கு அனுப்பப்படும் சிறுவர்களை எண்ணிப் பாருங்கள். மாரியனில் கண்ட கடன் இங்கும் உண்டு. கடன் தீராத வீட்டுக்குத் திரும்பும் சிறுவனை இடைத்தரகர் மீண்டும் தேடி வருவார். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு. இவ்வுதவி, தரகருக்கு முன்பாக அவ்வீட்டை அடைய வேண்டும்.

ஆகவே நண்பர்களே, ஒப்படைப்புச் சான்றில் கையொப்பமிடும் அன்றே, முதல் வருகைக்கான நாளையும் உங்கள் நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். கதவு திறக்கப்படாவிட்டால் கோப்பை மூடாதீர்கள். மேலதிகாரிக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் தெரிவித்து, மறுபடியும் செல்லுங்கள். அக்கதவுக்குப் பின்னால் இருக்கும் குழந்தைக்கு நம்மைத் தவிர வேறு துணை இல்லாதிருக்கலாம்.